முதல் அடி சுல்மீராவுடையது

சுல்மீரா நண்டு பிடிப்பவள். முரிசித் தீவின் சேற்றில் தோள்வரை கையை விட்டுத் துழாவுவாள். நண்டு கடித்தால் ஒரு கெட்ட வார்த்தையை உதறிவிட்டு மறு கையை விடுவாள். பயம் அவளிடம் அந்த வருஷம் வரை வந்ததில்லை.

அந்த வருஷம்தான் வானத்திலிருந்து ஏதோ வெளிச்சம் இறங்கி ஆட்களைச் சுடத் தொடங்கியது. அவள் தங்கை நீசியாவின் கழுத்தில் தோல் தீய்ந்து உரிந்து தொங்கியது. ரத்தம் உறிஞ்சுகிற விளக்கு என்றது ஊர். ஆண்கள் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். விசாரிக்க ராணுவ ஆட்சி ஒரு கேப்டனை அனுப்பியது. நாலு வாரம் கேமராவோடு கரையில் கிடந்தும் அவருக்குக் கிடைத்தது மங்கலான புள்ளிகள்தான்.

ஒரு விடியற்காலை, மூடுபனிக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் ஆற்றின்மேல் ஆடி ஆடிக் கரைக்கு வந்தது.

"வந்துருச்சு! விடாதீங்கடா!"

சுல்மீரா துடுப்பை ஓங்கி வீசினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு இருபது பேர் கட்டையும் கத்தியும் காலுமாகப் பாய்ந்தார்கள். பனி விலகியபோது சேற்றில் கிடந்தவன் எதிர்க்கரை மீன் வியாபாரி எவாண்ட்ரோ. அவனுடைய மண்ணெண்ணெய் விளக்கு பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் செத்துப்போனான்.

கேப்டன் பிணத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். பிறகு சுல்மீராவிடம் ஒரு தாளை நீட்டினார்.

"வெளிச்சம் விழுந்து செத்தான்னு எழுதியிருக்கு. கைநாட்டு வை."

"வெளிச்சத்த நானும் பார்த்தேன் ஐயா. என் தங்கச்சியச் சுட்டது அதுதான். ஆனா இவரக் கொன்னது நாங்க. முதல் அடி என்னோடது."

"உங்களக் காப்பாத்தத்தானே சொல்றேன், மடச்சி! ஊரே ஜெயிலுக்குப் போகணுமா?"

"போறோம்."

கேப்டன் விட்ட அறையில் அவள் உதடு கிழிந்தது. பிடிக்க வந்த சிப்பாயின் மணிக்கட்டைக் கடித்தாள். இருவர் அவளை மண்ணில் அமுக்கி, மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கட்டைவிரல் முறிந்தது. முறிந்த விரலையே மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார்கள்.

"வச்சுத் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கத்தினாள் பக்கத்து வீட்டு தோர்க்கா. "எங்களையும் மாட்டிவிடப் பார்த்தியேடி!" அன்று சாயங்காலம் சுல்மீராவின் குடிசைமேல் கல் விழுந்தது.

மறுநாள் ஒற்றைக் கையால் படகு வலித்து எதிர்க்கரைக்குப் போனாள். எவாண்ட்ரோவின் மனைவி ஒடெட்டேயிடம் நடந்ததைச் சொன்னாள். ஒடெட்டே விறகுக்கட்டையை எடுத்து அவளை அடித்தாள். சுல்மீரா தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் ஒடெட்டே தரையில் உட்கார்ந்தாள்.

"அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

"தன் பேரைச் சொன்னாரு. மூணு தடவை. நாங்க நிறுத்தல."

ஒடெட்டே மறுபடியும் கட்டையை எடுத்தாள்.

சுல்மீரா அதன்பின் தீவுக்குத் திரும்பவில்லை. பெலெம் நகரத்தில் துணி துவைத்துப் பிழைத்தாள். வெளிச்சத்தைப் பற்றிக் கேட்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அவள் அந்தக் கொலையைத்தான் சொல்லுவாள். பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விடுவார்கள்.