ஊக்கு மாட்டிய கடைசிக் கண்ணி

எஸ்தரம்மா போய்விட்ட செய்தி எனக்குக் கைகூப்பும் பொம்மைகளாக வந்து சேர்ந்தது. நான் காங்கேயத்துப் பக்கம் மாட்டுக்குக் கயிறு திரிக்கிறவன். பள்ளிக்கூடம் போனதில்லை. எண்ணெய் மில்லுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரரிடம் போனை நீட்டினேன்.

"எஸ்தரம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்குதுங்க. கீழ எல்லாரும் கை கூப்பியிருக்காங்க. ஒருத்தர் மட்டும் கட்டைவிரலத் தூக்கிட்டாருங்க."

"ஆருங்க அது?"

"தெரியாம அமுத்தியிருப்பாருங்க."

எஸ்தரம்மா இருந்திருந்தால் அந்தக் கட்டைவிரல்காரரை மட்டும் கொஞ்சம் மதித்திருப்பார். மற்றவர்கள் முன்னால் போனவரைப் பார்த்து அதையே செய்தவர்கள். இவராவது சொந்தமாகத் தப்புச் செய்தார்.

நமது நூல்கூட்டத்துக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பனியன் ஊர் ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூடுவோம். ஊசி பிடித்துப் பூப்பின்னுகிறவர்கள், ஓலையில் பெட்டி முடைகிறவர்கள், பழைய சேலைகளை அடுக்கித் தையல் ஓட்டும் பீகார்க்காரி சுனிதா, கயிற்றோடு நான். ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நாம் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. ஒருத்தி விரிப்பைக் காட்டினால் "சூப்பருங்க" என்பது. அடுத்தவள் பையைக் காட்டினால் அதற்கும் "சூப்பருங்க". எங்கள் ஊரில் ஒரு மாட்டுத் தரகர் இருந்தார். நொண்டிக் காளையைக்கூட, "நின்னு நெதானிச்சு நடக்குமுங்க" என்பார். அவராவது தரகுக்காகப் பொய் சொன்னார். நாம் முறுக்குக்கும் டீக்கும் சொன்னோம்.

அந்தக் கூட்டத்துக்குள்தான் எஸ்தரம்மா வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க ஓட்டையும் கறையும் தேடுகிறவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணை மூடிக்கொள்வாரா? கோயில் முடிந்து நேராக வந்தவர், நமது தலைவி சிவகாமியம்மா விரித்து வைத்திருந்த மேஜைத் துணியின் முன் நின்றார். சிவகாமியம்மா கம்பெனிக்காரர் வீட்டம்மா. மண்டபமும் முறுக்கும் அவர் உபயம். அதனால் அந்தத் துணியை அன்றுவரை யாரும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

"முகத்தைக் காட்டுனது போதும். முதுகைத் திருப்புங்க," என்றார் எஸ்தரம்மா.

திருப்பினால் அடியில் முடிச்சுமேல் முடிச்சு.

"குருவி கூடு கட்டிட்டுப் போன மாரில்லா இருக்கு. முட்டை இருக்கான்னு பாத்தியளா?"

அன்றிலிருந்து சிவகாமியம்மா வாயில் அவர் "அந்தச் செக்கிங்கம்மா" ஆனார்.

அவர் நல்ல மனுஷி என்று இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் பேசினீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு வந்தார். குன்னத்தூரில், நிறைந்த சபையில், மணமேடையேறிப் பெண்ணின் முந்தானையைத் திருப்பிப் பார்த்தார். சம்பந்தியம்மா வாயைப் பிளந்து நின்றார். "சேலை பரவால்ல அண்ணாச்சி," என்றார் என்னிடம். "மாப்பிள்ளையத் திருப்பிப் பாத்தீரா?" நல்ல மனுஷி பேசுகிற பேச்சா இது? மாப்பிள்ளையைத் திருப்பிப் பார்க்காதது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரிய ஒரு தீபாவளி ஆனது. அது வேறு கதை.

சொல்ல வந்தது விரிப்பைப் பற்றி. பனியன் கம்பெனியில் வெட்டி எறிந்த துணியை நாடாவாகக் கிழித்து ஒரு இழுப்பு இழுத்தால் இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். அந்தக் கயிற்றைக் கொக்கியால் கண்ணி கண்ணியாகக் கோர்த்து, நடுவிலிருந்து வட்டம் வட்டமாக எஸ்தரம்மா ஒரு விரிப்புத் தொடங்கினார். அது மாதம் ஒருவர் வீட்டுக்குப் போகும். போகிறவர் முதலில் தனக்கு முன்னால் இருந்தவர் போட்ட வட்டத்தைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது கண்ணி எப்படி விழுந்தது என்று கைக்குத் தெரியும். பிறகு அதையே திரும்பப் போட்டு, அதற்கு மேல் தன் வட்டம் ஒன்று போட வேண்டும். கடைசிக் கண்ணியில் முடிச்சுப் போடக் கூடாது. அவிழாமல் இருக்க ஒரு ஊக்கு மாட்டியிருக்கும், அவ்வளவுதான். "முடிச்சுப் போட்டா செத்துரும்," என்பார்.

என் முறை வந்தது. கயிறு திரித்துக் காய்த்த கை, இழுத்த இழுப்பில் விரிப்பு ஓரம் சுருங்கி வாணலிபோல் எழுந்து நின்றது. எஸ்தரம்மா புரட்டிப் பார்த்தார்.

"மாட்டுக்குக் கட்டுற இழுப்புல கட்டியிருக்கீரு. இது ஓடியா போவப் போவுது? பிரிச்சிரும் அண்ணாச்சி."

"ஏனுங்க, எங்கூர்க் காளைகளே எங்கயித்த ஒரு கொறை சொன்னதில்லீங்க."

"காளைக்கு வாய் கெடையாது. எனக்கு இருக்கு."

எல்லார் எதிரிலும் பிரிக்க வைத்தார். விரிப்பு அடுத்தவருக்குப் போகாமல் என்னிடமே தங்கியது. அடுத்த மாதமும் பிரிக்க வைத்தார். அதற்கடுத்தும். நீங்களெல்லாம் முறுக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தீர்கள். உங்கள் பாவத்தைவிட அந்தம்மாவின் இளக்காரம் எனக்குத் தேவலையாக இருந்தது. ஒருநாள் என் வட்டத்தைக் கவிழ்த்து விரலை ஓட்டினார். ஒரு இடத்தில் இழுத்தும் பார்த்தார். பிரிக்கச் சொல்லாமல் ஊக்கை மாட்டினார். "அடுத்து ஒனக்கு," என்று சுனிதாவிடம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போய்விட்டார். என் ஆயுசில் என் வேலைக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

சுனிதா ஊருக்குப் போயிருந்ததால் விரிப்பு மண்டபத்து அலமாரியில் இருந்தது. அவள் திரும்புவதற்குள் எஸ்தரம்மாவுக்கு மார்வலி. முடிந்துவிட்டது.

இரங்கல் கூட்டத்துக்குப் போனால் வாசலில் ஃப்ளெக்ஸ். "கலைத்தாய்" என்று எழுதியிருப்பதாக, இங்கே வந்து தமிழ் எழுத்துப் பழகிய சுனிதா எழுத்துக்கூட்டிப் படித்தாள். இருந்தபோது செக்கிங்கம்மா, செத்ததும் கலைத்தாய். உள்ளே சுவரில் எஸ்தரம்மாவின் படம், பக்கத்தில் அந்த விரிப்பு. பலகையில் பசை போட்டு ஒட்டி, ஊக்கைக் கழற்றி எறிந்து, கடைசிக் கண்ணியில் முடிச்சுப் போட்டு, மேலே கண்ணாடி மாட்டி, பிளாஸ்டிக் மல்லிகையும் சுற்றியிருந்தார்கள். எல்லாரும் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அத்தனை வருஷம் அந்தம்மாவோடு உட்கார்ந்தவர்களில் ஒருவருக்காவது அது உறுத்தவில்லை.

"அண்ணா, என் டர்ன்?" என்றாள் சுனிதா.

சிவகாமியம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"கையில குடுத்தா அழுக்காயிருமுங்க அண்ணா. இப்போ பாருங்கோ, எத்தனை லட்சணமா இருக்குது!"

"அந்தப் புள்ளயோட மொறைங்க அது."

"அவளுக்கு வேற ஒண்ணு போட்டுக் குடுத்தாப் போச்சு. அது மட்டுமில்லீங்க," என்று குரலைத் தாழ்த்தினார். "உங்க வட்டந்தான் கடைசி. இனி அதுக்கு மேல ஆரும் போட முடியாது. வர்றவங்க எல்லாம் உங்களுதத்தான் மொதல்ல பாப்பாங்க. அந்தப் புள்ள கைக்குப் போச்சுன்னா மொதல்ல உங்களுதத்தான் பிரிப்பா. பரவால்லீங்களா?"

அவர் சொன்னது சரிதான். எஸ்தரம்மா விட்டுவைத்த வட்டம். கண்ணாடிக்குள் இருந்தால் என் காலத்துக்கும் அப்படியே இருக்கும். கொஞ்ச நேரம் அதன் முன் நின்றேன். நன்றாகத்தான் இருந்தது. முகம் மட்டும் தெரிந்தது. அந்தம்மா விரல் ஓட்டிப் பார்த்த முதுகு, பலகையோடு ஒட்டிக் கிடந்தது.

விரிப்பு ஒட்டிய பலகையைக் கண்ணாடியோடு சுவரிலிருந்து இறக்கினேன். கயிறு அறுக்கும் கத்தி எப்போதும் மடியில் இருக்கும். பின்னால் அடித்திருந்த ஆணிகளை நெம்பினேன்.

"ஏனுங்க, சாவு ஊட்டுல இப்படியா பண்ணுவாங்க?" என்றது ஒரு குரல்.

"இது சாவு ஊடில்லீங்க, மண்டபம்," என்றேன்.

பசையிலிருந்து விரிப்பை உரிக்கப் பொழுது போய்விட்டது. ஒருவரும் கை கொடுக்கவில்லை, சுனிதாவைத் தவிர. நடுப்பகுதி அப்பளம்போல் விறைத்துப்போய் வந்தது. அந்த விறைப்பு இனிப் போகாது. அதைத் தொடுகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் எஸ்தரம்மா மேல் வைத்திருந்த அன்பு எப்படிப்பட்டது என்று கைக்குத் தெரியும்.

சுனிதா முடிச்சை அவிழ்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"இழு அம்மிணி," என்றேன்.

இழுத்தாள். என் வட்டம் கண்ணி கண்ணியாக அவிழ்ந்து, நெளிநெளியான நாடாவாகத் தரையில் விழுந்தது. எத்தனையோ மாதம் பட்ட பாடு, டீ ஆறுவதற்குள் போய்விட்டது. எஸ்தரம்மாவின் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து அதைத் திரும்பப் போட ஆரம்பித்தாள். போட்டு முடித்துத் தூக்கிக் காட்டியதும் நீங்கள் வழக்கம்போல் "சூப்பர்" என்றீர்கள்.

நான் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். விரலை ஓட்டினேன். இரண்டு இடத்தில் கண்ணி தொளதொளத்திருந்தது.

"பிரிச்சுப்போடு அம்மிணி."

அவள் இந்தியில் என்னவோ சொன்னாள். எனக்கு இந்தி தெரியாது; ஆனால் அது ஆசீர்வாதம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள்.

என் வட்டம் இப்போது எங்கும் இல்லை. எஸ்தரம்மாவின் போட்டோவும் என்னிடம் இல்லை. போட்டோ போட்டு நீங்கள் கொடுத்த அஞ்சலி அட்டையை டீக்கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். அந்தம்மாவிடமிருந்து என் கையில் மிஞ்சியது "பிரிச்சிரும்" என்ற அந்த ஒரு சொல்தான். அடுத்த கூட்டத்துக்கு நானும் வருவேன். அவரவர் வேலையைக் கொண்டுவாருங்கள். கவிழ்த்தே வையுங்கள்.