மர்டினாவின் பலகை

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில், அசின்ட் மலைகளின் அடியில், மர்டினா இருபத்திரண்டு கோடைகள் நிலவியல் மாணவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தார். ஆடு வளர்ப்பவர். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பழைய கேரவன்கள். பட்டம் வாங்க நாங்கள் ஒவ்வொருவரும் ஆறு வாரம் தனியாக மலையேறி, பாறைகளைப் பார்த்து வரைபடம் போட வேண்டும். எங்கே போகிறோம் என்று காலையில் அவருடைய சமையலறைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் கிளம்பலாம். மாலை ஆறு தாண்டினால் நாயைக் கூட்டிக்கொண்டு அவரே தேடக் கிளம்பிவிடுவார்.

"நாள் பூரா கல்லை உடைக்கிறீங்களே, உள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்பார்.

"கல்லுதான்."

"அதை நானே சொல்லியிருப்பேனே. சூப்பைக் குடிங்க."

ஒரு நாள் 'ஏரிக்கரை' என்று எழுதிவிட்டுப் போனேன். மதியம் எதிர்ச் சரிவில் ஒரு வெள்ளைப் பாறை வெயிலில் பளிச்சிட்டது. என் வரைபடத்தில் அதுவரை பிடிபடாத, இரண்டு வகைப் பாறைகள் சந்திக்கும் எல்லைக்கோடு அங்கேதான் இருக்க வேண்டும். கணவாய்ப் பக்கம் ஏறிவிட்டேன். மூடுபனி இறங்கியது. வேறு வழியாக வீடு வந்து சேர்ந்தபோது மணி ஏழரை. மர்டினாவும் இல்லை, நாயும் இல்லை.

சொன்ன இடத்தை விட்டு வேறு இடம் போனால் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை ஊருக்கு அனுப்பிவிடும். செய்த வேலையும் செல்லாது. பலகையில் 'ஏரிக்கரை'யை அழித்துவிட்டு 'கணவாய்' என்று எழுதினேன்.

ஒன்பது மணிக்கு, வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தபோது, இடுப்பு வரை நனைந்து வந்தார்.

"அடிப்பாவி! உன் பேரை நான் கத்தின கத்துல அக்கரை ஆடெல்லாம் திரும்பிப் பார்த்துச்சு!" என்று சிரித்தார். பிறகு பலகையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏரிக்கரைன்னுல்ல படிச்சேன்?"

"கணவாய்னுதானே எழுதினேன்," என்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் துறைக்குக் கடிதம் எழுதினார். பலகையைக்கூடச் சரியாகப் படிக்க முடியாதவளை நம்பி ஊரார் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று. ஆசிரியர் அதை வகுப்பில் வருத்தத்தோடு படித்தார். நான் தலையைக் குனிந்து குறிப்பெடுப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். என் வரைபடத்துக்கு நல்ல மதிப்பெண். அதைக் காட்டி வேலை வாங்கி, சிலி, நமீபியா, மங்கோலியா என்று பதினோரு வருடம் அலைந்தேன். எந்த ஊரிலும் இரண்டாவது கோடை வரை என்னால் இருக்க முடியவில்லை.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். மர்டினாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. கையிலிருந்த உருளைக்கிழங்கை உரித்து முடித்தார்.

"அப்போ எனக்கு மூளை கலங்கலை."

"இல்லை."

"அந்த பயத்துலதான் காரை வித்தேன், பொண்ணே. எங்க அக்கா கடைசி காலத்துல இன்வர்னெஸ் டவுன் ஆஸ்பத்திரில கிடந்தா. வா வான்னு சொல்லி அனுப்பினா. வழி மறந்து எங்கேயாவது போய் நின்னுடுவேனோன்னு நான் போகலை."

மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கிழங்கைக் கையில் எடுத்தார்.

"பஸ் நாலு மணிக்கு," என்றார். "அதை விட்டா நாளைக்குத்தான்."