நாலு தொட்டிக்கும் ஒரே உறை

எங்கள் தயிர் ஆலையில் அவளை உறையக்கா என்றுதான் கூப்பிடுவோம். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவை வளர்த்துத் தொட்டிகளுக்கு உறை ஊற்றுவது அவள் வேலை. வீட்டில் கணவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. சுவரைத் தடவித்தான் நடப்பார். ஆபரேஷனுக்கு மூன்று முறை நாள் குறித்தார்கள். மூன்று முறையும் தொட்டி கெட்டு, அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

கெடுப்பது ஒரு வைரஸ். பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். விடிந்து பார்த்தால் பால் பாலாகவே கிடக்கும். அதிலும் ஒன்றிரண்டு பாக்டீரியா தப்பித்திருக்கும். கெட்டிக்காரப் பிறவிகள் அவை. வைரஸின் மரபணுவில் ஒரு துணுக்கை நறுக்கித் தம் மரபணுவுக்குள் வைத்துக்கொள்ளும். அதே துணுக்கோடு வைரஸ் மறுபடி வந்தால் அடையாளம் கண்டு வெட்டிப்போடும். உறையக்கா அவற்றைப் பொறுக்கியெடுத்து வளர்ப்பாள். வைரஸும் சளைத்ததில்லை. கோடிக்கணக்கில் பெருகும்போது ஏதோ ஒன்றில் அந்தத் துணுக்கு மட்டும் லேசாக மாறிவிடும். மீசையை எடுத்துவிட்டு வரும் திருடன் மாதிரி அது உள்ளே நுழைந்துவிடும்.

அதனால்தான் தொட்டிக்கு ஒரு வகை பாக்டீரியாவாக, முறை மாற்றி ஊற்றுவாள். நாலாவது முறை நாள் குறித்தபோது அவசரப்பட்டுவிட்டாள். தப்பிப் பிழைத்ததில் பலசாலியான ஒன்றை மட்டும் வளர்த்து நாலு தொட்டிக்கும் ஊற்றினாள். வைரஸ் ஒரு தடவை மாறினால் நாலும் போய்விடும் என்று தெரியாதவளா? களைத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நாலும் கெட்டன.

"இதை ஒழிச்சுட்டு லீவுல போங்கக்கா," என்றார் மேனேஜர்.

"இது ஒழியாது சார். நாம மாத்த மாத்த அதுவும் மாறும். ஒழிச்சுட்டுத்தான் லீவுன்னா, நான் நேரா சுடுகாட்டுக்குத்தான் போகணும்."

இந்த வைரஸ் இதுவரை தொடாத நாலு வகைகளை எடுத்து, எதை எப்போது ஊற்றவேண்டும் என்று எனக்குக் காட்டிவிட்டுக் கிளம்பினாள். மேனேஜர் முகம் சுண்டிப்போனது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஆபரேஷன் முடிந்து கண்கட்டு அவிழ்த்த அன்று நானும் போயிருந்தேன். கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?"

"தொட்டி கெட்டப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மட்டும் பார்த்திருப்பீங்களாக்கும்," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது.