இரண்டு புட்டி மாத்திரை

பூங்காவனத்தின் பொறாமை எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். புருஷன் மீன்காரியிடம் கூடுதலாக இரண்டு வார்த்தை பேசினால் போதும், அன்றைக்கு அந்த வீட்டில் மீனே கிடையாது. நான் பக்கத்து வீடு. நடுவில் பலகைச் சுவர்தான். எல்லாம் கேட்கும், கேட்காததை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொள்வேன்.

புருஷன் கலியாணசுந்தரம் பஸ் டிரைவர். இந்த நாட்டுக்கும் சுதந்திரம் கிடைத்த வருஷம், ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது அவருக்குக் கால் வீங்கியது, பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இருதயம் பலவீனம் என்றார் டாக்டர். ஒரு சின்ன வெள்ளை மாத்திரை தந்தார். அது இருதயத்தைப் பலமாகவும் நிதானமாகவும் அடிக்க வைக்குமாம். கொஞ்சம் கூடிவிட்டால் அதே மாத்திரை இருதயத்தை நிறுத்தியும் விடுமாம். அது இருதயத்துக்குள் எந்த இடத்தில் போய்ப் பிடித்துக்கொள்கிறது என்று டாக்டர்களுக்கே தெரியாது என்றார், நல்ல மனுஷன். தினமும் காலையில் நாடியை எண்ண வேண்டும். அறுபதுக்குக் குறைந்தால் மாத்திரை கூடாது.

எண்ணக் கைக்கடிகாரம் வேண்டும், பழக்கமும் வேண்டும். இரண்டும் அவருடைய அக்கா சிவகாமசுந்தரியிடம் இருந்தன. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிசியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்தவர். குருபோங்கிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்.

காலையானால் அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்காருவார். அடுப்படி வாசலில் நின்று பூங்காவனம் வெந்துபோவாள். கல்யாண மேடையை விட்டால் அந்தக் கையை அவள் நாலு பேர் பார்க்கத் தொட்டதே இல்லை. பாவம் என்றுதான் எனக்கும் தோன்றும். நாத்தனாரும் லேசுப்பட்டவர் இல்லை. நோயாளியைப் பிடிப்பது போலவா பிடிப்பார், பாகப் பிரிவினையில் வந்த சொத்தைப் பிடிப்பது போல அல்லவா பிடிப்பார்!

குழம்பில் உப்பைக் குறை என்று நாத்தனார் சொன்ன அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அப்புறம் எல்லாம் சுவரோடுதான். "சோறு ஆறுது" என்பாள் இவள் சுவரிடம். "பசிச்சா சாப்பிடத் தெரியும்" என்று சுவருக்கே பதில் வரும்.

பூங்காவனம் கிளினிக்குக்குப் போய், மருந்து தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி, அதே மாத்திரையில் இன்னொரு புட்டி வாங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தாள். கொடுக்கும் எண்ணம் இல்லை. நாத்தனாரிடம் இருக்கும் புட்டி போல ஒன்று தன்னிடமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு காலை சிவகாமசுந்தரி எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினார். "இன்னிக்கு மாத்திர வேணாம்பா, நாடி ரொம்ப மெதுவா இருக்கு" என்று தம்பியிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார். பூங்காவனத்திடம் சொல்லவில்லை. பேச்சு இருந்தால்தானே சொல்வதற்கு.

மாத்திரை கொடுக்கவில்லை என்பது மட்டும் இவள் கண்ணில் பட்டது. "மறந்துட்டா மகராசி!" உள்ளுக்குள் திருவிழா. தன் புட்டியைத் திறந்தாள். தன் பங்குக்கும் ஒன்று சேர்த்து, பசியாறும்போது இரண்டாகக் கொடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், விழுங்கினார். மறுநாளும் அக்கா நிறுத்தினார், இவள் கொடுத்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே.

அவருக்குக் குமட்டல் வந்தது. "சோறு ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டார். மாத்திரையை நிறுத்தியும் நாடி இறங்குகிறதே என்று அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று மத்தியானம் அவர் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். மாத்திரை மிஞ்சிப் போனதுதான் காரணம் என்றார்கள். பூங்காவனத்துக்குக் கஞ்சி தூக்கிக்கொண்டு நானும் கூடப் போயிருந்தேன். கட்டில் ஓரத்தில் நின்று அவள் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "வேணாம்னு அக்கா சொல்லிச்சுல்ல."

"தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க?"

"நீ ஆசையா நீட்டுனே. எப்படி வேணாங்கறது?"

அவள் முகம் மலர்ந்தது, சத்தியமாக மலர்ந்தது. எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அப்புறம் மெல்ல அந்த முகம் வெளிறியது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அரிசி டின்னிலிருந்து புட்டியை எடுத்தாள். நேரே நாத்தனார் முன்னால் போய் நின்றாள். பல மாதத்துக்குப் பிறகு சுவரைப் பார்க்காமல் பேசினாள்.

"இத நீங்களே வச்சுக்குங்க அண்ணி. நான் குடுத்தா அவரு சாப்பிட்டுருவாரு."