பேசக் கூடாத கூட்டம்

சலூனை மூடி ஒரு வருடம் ஆகிறது. கை நடுங்க ஆரம்பித்த பிறகு அடுத்தவர் கழுத்தில் கத்தி வைப்பது நியாயமில்லை என்று அவரே பூட்டிவிட்டார். மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி, பேரனை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டாள். தினமும் போனில் "சாப்பிட்டீங்களா?" என்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை அழும். காலமெல்லாம் வாய் ஓயாமல் பேசியபடி முடி வெட்டிய மனிதர், வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்கும் என்றுதான் பறவை பார்க்கும் குழுவில் சேர்ந்தார். சேர்ந்தாரே சேர்ந்தார், பேசினால் காரியம் கெட்டுப்போகும் கூட்டமாகப் பார்த்துச் சேர்ந்தார். அவர் வாயைத் திறந்தாலே குழுவை நடத்தும் நர்ஸம்மா "உஷ்" என்பார். ஆஸ்பத்திரி வார்டில் பழகிய உஷ். அதற்கு மேல் யாருக்கும் மூச்சு வராது.

அந்த இலையுதிர் கால மத்தியானம் மழை பிடித்துக்கொண்டதால், நீர்த்தேக்கத்துக்கு வந்தது அவரும் நர்ஸம்மாவும்தான். கரையெல்லாம் ஈர இலை வழுக்கியது. கரையைப் பாதி சுற்றுவதற்குள் மழை வலுக்க, நாணல் ஓரத்து மரக் கொட்டகையில் ஒதுங்கினார்கள்.

"இந்த நாணலுக்குள்ள ஒரு குருகு ஒளிஞ்சிருக்கு," என்றார் நர்ஸம்மா, பைனாகுலரைத் துடைத்தபடி. "பல வருஷமா குரல்தான் கேக்குறேன். கண்ணுல பட்டதே இல்ல. இந்த மழையில எதுவும் வராது. நீங்க பேசுங்கண்ணே."

இத்தனை காலமும் அவர் பேசியது கண்ணாடியில் தெரிந்த முகங்களோடு. பாதி முடியோடு யாரும் எழுந்து போக முடியாது. இங்கே ஒருவர் நேருக்கு நேர் உட்கார்ந்து காத்திருந்தார். மழையைப் பற்றி ஆரம்பித்தார், விலைவாசிக்குத் தாவினார், இரண்டும் பாதியிலேயே நின்றுபோயின.

"ரேடியோவப் போட்டுட்டுத்தான் தூங்குறேன்," என்றார் கடைசியில். "வீட்டுல யாராவது பேசிக்கிட்டே இருக்கணும்." நாணலைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "வீட்டுக்காரியக் கூப்பிட்டா வந்துடுவா. ஆனா அங்க சிரிச்சுக்கிட்டு இருக்கா. நான் போயி..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டு விரலால் காட்டினார். நாணலை விலக்கிக்கொண்டு குருகு வெளியே வந்து, கல்லெறி தூரம்கூட இல்லாத இடத்தில், மழையில் நனைந்தபடி நின்றது.

நர்ஸம்மா பார்த்தார். பைனாகுலரைப் பாதி தூக்கியவர், அதைத் திரும்ப மடியில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அது கிடக்கட்டும். நீங்க சொல்லுங்கண்ணே," என்றார், குரலைத் தாழ்த்தாமலே.

சத்தம் கேட்டதும் குருகு நாணலுக்குள் போய்விட்டது.