கதவுக்குப் போகாத எர்த் ஒயர்

கஞ்சிக்கோட்டில் மோட்டார்களுக்கு கன்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனியில் எனக்கு டெஸ்டிங் வேலை. பேனல் என்றால் ஆள் உயர இரும்புப் பெட்டி. உள்ளே சுவிட்சுகளும் ஒயர்களும், கதவில் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன், நாலு விளக்கு. அந்தப் பெட்டியில் எங்கே கை வைத்தாலும் ஷாக் அடிக்காது என்று சோதித்துச் சொல்ல வேண்டியது நான். சோதித்த பிறகு ‘பரிசோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது’ என்ற பச்சை ஸ்டிக்கர் கதவில் ஏறும்.

சோதித்த பிறகு என்பது புத்தகத்தில் உள்ளது. எங்கள் வழக்கம் தலைகீழ். கதவு மேசையில் படுத்திருக்கும்போதே ஸ்டிக்கரை ஒட்டிவிடுவோம். தூக்கி மாட்டிய பிறகு ஒட்டினால் காற்று புகுந்து குமிழ் விழும், பார்க்க அசிங்கமாக இருக்கும். டெஸ்ட் தாளும் அப்படித்தான். காலையில் டீ வருவதற்குள் அன்றைய பேனல்களுக்கெல்லாம் டிக் போட்டு வைத்துவிடுவேன். எப்படியும் எல்லாம் சரியாகத்தான் வரும், எழுதுகிற நேரமாவது மிச்சம். எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து எழுதுவதென்றால் உடம்பெல்லாம் அரிக்கும். இதில் என்னைக் குறை சொல்ல வருபவர்கள் ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

வெளிநாட்டுக்குப் போகும் பேனல் என்றால் கதையே வேறு. சி.ஈ. என்ற ஐரோப்பியப் பாதுகாப்புக் குறி போட வேண்டும், தாள் கட்டுக்கட்டாகப் போக வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வந்து பக்கத்தில் நின்று பார்ப்பார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் யோக்கியர்கள். உள்ளூர் மில்லுக்குப் போகும் பேனலுக்கு எவன் வந்து நிற்கிறான்?

அந்த வாரம் ஒரு நார் மில்லுக்கான பேனல் தயாராகிக்கொண்டிருந்தது. பதினோரு நாளைக்கு முன்னால்தான் இதே மாதிரி ஒன்றை வேலந்தாவளம் தாண்டி உள்ள இன்னொரு நார் மில்லுக்கு அனுப்பியிருந்தோம். கதவுக்குப் போடும் எர்த் பட்டையை எடுக்க என் இழுப்பறையைத் திறந்தேன். தட்டையாகப் பின்னிய செம்புக் கம்பி அது, ஒரு சாண் நீளம். பெட்டியையும் கதவையும் அதுதான் சேர்க்கும். இரண்டு பேனலுக்கு இரண்டு பட்டை வாங்கி வைத்திருந்தேன். இரண்டும் அப்படியே கிடந்தன.

முதல் பேனல் போன அன்று லாரிக்காரர் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பெட்டியைச் சோதித்தது நினைவிருந்தது. கதவைச் சோதித்தது நினைவில் இல்லவே இல்லை. தாளை எடுத்துப் பார்த்தேன். ‘கதவு எர்த்’ என்ற வரிக்கு எதிரே அழகாக டிக். என் கையெழுத்து. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன்.

நார் மில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேங்காய் மட்டையை நனைத்துத்தான் அடிப்பார்கள். தரை எந்நேரமும் ஈரம், வேலை செய்பவர்கள் கையும் ஈரம். அந்தக் கையால்தான் கதவில் இருக்கும் பட்டனை அழுத்துவார்கள். கதவுக்குள் ஓடும் ஏதாவது ஒரு ஒயர் நசுங்கியிருந்தால் போதும், கரன்ட் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கதவிலேயே நிற்கும். தொடுகிற ஆள்தான் அதற்கு வழி.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். பாலக்காட்டுக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். “அது சாரமில்ல. நாளைக்கு சர்வீஸ் ஆளு போய் நோக்கும்” என்றார். சாரமில்லையாம், பரவாயில்லையாம்! அவர் கையா அங்கே இருக்கிறது? மில் முதலாளிக்கு ஃபோன் போட்டேன். மூன்று முறை எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்தார், பின்னால் மாடு கத்துகிறது. “மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, பேனலைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க” என்று கத்தினேன். “சந்தைல இருக்கறனுங்க, ஒண்ணுமே கேக்கலீங்க, அப்பறமாக் கூப்புடுங்க” என்று வைத்துவிட்டார். மில்லில் வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை.

எர்த் பட்டை, மீட்டர், ஸ்பேனர், உப்புத்தாள், இரண்டு மீட்டர் ஒயர் எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி வடகரப்பதி வழியாக விரட்டினேன். என் வீடு அந்தப் பாதையில்தான் இருக்கிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலந்தாவளம் முக்கில் மாட்டு வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. ஒரு டெம்போக்காரர் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த எருமையோடு நடுரோட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “அண்ணா, கொஞ்சம் வழி விடுங்கண்ணா!” “நானா நிக்கறேன்? அதுகிட்டச் சொல்லுங்க!” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன், அந்த எருமை என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

மில்லுக்குள் நுழைந்தபோது மிஷின் நின்றிருந்தது. ஐம்பது வயது இருக்கும் ஒரு அக்கா, இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு பேனலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். “தொடாதீங்க!” என்று நான் போட்ட கூச்சலில் அவர் அப்படியே நின்றுவிட்டார். ஓடிப்போய்ச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன்.

சுவிட்சை யாரும் ஏற்றிவிடாமல் பூட்டிவிட்டுக் கதவைத் திறந்தேன். நினைத்ததுதான். எர்த் பட்டை இல்லை. அது மாட்ட வேண்டிய போல்ட்டைச் சுற்றி, கரன்ட் பாய்வதற்காகச் சுரண்ட வேண்டிய பெயின்ட்கூட அப்படியே இருந்தது. விளக்குக்குப் போகும் ஒயர் ஒன்று கீல் பக்கம் கதவிடுக்கில் சிக்கி, மேல்தோல் நசுங்கியிருந்தது. முழுக்க அறுபடவில்லை. ஈரக் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுக்குக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. இன்னும் நாலு தடவை கதவைத் திறந்து மூடியிருந்தால் செம்பு வெளியே வந்திருக்கும். அதற்கு மேல் யோசிக்க முடியாமல் ஒயரை உருவிப் போட்டேன்.

“அக்கா, இதைத் தொடறப்ப கை ஏதாவது பண்ணுச்சா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க அம்மிணி, சுருசுருங்குதுங்க. பத்து நாளா இருக்குது. மொழங்கை வரைக்கும் ஏறுதுங்க.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னனுங்க. ரத்தம் கம்மியா இருக்கும்னுட்டாரு. அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போனனுங்க. நரம்புக்குன்னு மாத்திரை குடுத்திருக்காங்க. எட்டு நாளா முழுங்கறேன்.”

“கரன்ட்டா இருக்கும்னு தோணவே இல்லையாக்கா?”

“தோணாம என்னங்க? மொத நாளே தோணுச்சு. மொதலாளிகிட்டக் கேட்டேன். அவருதான் கதவுல பச்சையா ஒட்டியிருக்குதே, அதைப் படிச்சுச் சொன்னாரு. எல்லாஞ் செக் பண்ணி, பயமில்லைன்னு எழுதியிருக்குதுன்னாரு. புதுப் பொட்டி வேற. செக் பண்ணதுல எப்புடிங்க கோளாறு வரும்? அப்ப நம்ம கையிலதான் ஏதோன்னு நெனச்சுக்கிட்டேன்.”

உப்புத்தாளை எடுத்துப் போல்ட்டைச் சுற்றி இருந்த பெயின்ட்டை உராய்ந்தேன். தகரம் பளபளவென்று தெரிந்த பிறகும் உராய்ந்துகொண்டே இருந்தேன். பட்டையை முறுக்கினேன், புது ஒயர் போட்டேன், மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு முறை போதும். மூன்று முறை பார்த்தேன். பிறகு கரன்ட் கொடுத்து, கதவுக்கும் எர்த்துக்கும் நடுவில் மறுபடி மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த அக்கா தொடுவதற்கு முன்னால் நான் என் உள்ளங்கையைக் கதவில் வைத்தேன். பிறகு அவர் வைத்தார். வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

“அட, சுருசுருங்கலையே!” என்றார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. “அக்கா, உங்க கையில ஒரு கோளாறும் இல்ல. அந்த ஸ்டிக்கரை ஒட்டுனது நான். செக் பண்ணாமலே ஒட்டிட்டேன்” என்று சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் சோற்றுப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்தார். பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. “இதைத் தின்னாச் சோறே எறங்கறதில்லீங்க. அப்ப நிறுத்திரலாங்களா?”

“டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்துங்கக்கா” என்றேன்.

“அவரை எதுக்குங்க கேக்கோணும்? நீங்களே சொல்லிருங்க” என்றார். “நீங்க ஒட்டுனதையே நம்புனனுங்க. சொன்னா நம்ப மாட்டனா?”