கயிறு பிடித்தவரின் முகம்

எங்கள் கலையைக் காப்பாற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டு சிலர் கன்னிவாடிக்கு ஜீப்பில் வந்தபோது நான் சின்னப் பெண். அதற்கு ஆபத்து வந்திருக்கிறது என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடிவாரத்துப் பளியர் குடியிருப்பில் சுவரெல்லாம் படம் வரைகிறவர் என் அத்தை. திண்டுக்கல்லில் ஒரு நீண்ட மதிலில் வரைய அவரைக் கூப்பிட்டார்கள். ஒத்தாசைக்கு அப்பாவும் போனார், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும்.

மலைத்தேன் எடுக்க ஒருவர் பாறையில் இறங்கினால் மேலே கயிற்றைப் பிடிப்பது அவருடைய மச்சினன்தான். கூடப்பிறந்தவனைக்கூட நம்பமாட்டோம். தங்கச்சியின் வாழ்வைக் கெடுக்க எந்த அண்ணனுக்கும் மனம் வராது என்பது கணக்கு. அத்தையின் கணவரான மாமா தேனெடுக்க இறங்கி விழுந்து செத்த அன்று கயிற்றைப் பிடித்திருந்தவர் அப்பா. கயிறு அறுந்துவிட்டது என்றார் அவர். கையை விட்டுவிட்டான் என்றது ஊர். அத்தை எதுவுமே சொல்லவில்லை. அண்ணனிடம் பேசுவதையும் விட்டுவிட்டார்.

அந்த மதிலில் அத்தை அதே பாறையை வரைந்தார். கயிறு பாறை விளிம்பில் உரசி அறுந்திருந்தது. மேல்முனை அப்பாவின் கைகளில் இறுகிக் கிடந்தது. முகம் அச்சு அசலாக அப்பா, மூக்குத் தழும்புகூட விடவில்லை. அப்பா பார்த்துக்கொண்டே நின்றவர், அப்படியே உட்கார்ந்து தேம்பினார். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் தண்ணீர் வாங்கி வந்தேன்.

மாலையில் அதே ஜீப்பில் வந்த பெரியவருக்குப் படம் பிடிக்கவில்லை.

"முகமெல்லாம் எதுக்கும்மா? ஆதிவாசி ஓவியம்னா யாரு யாருன்னு தெரியக் கூடாது."

"எங்கண்ணன் கயித்த விடலைங்க. அது நாலு பேருக்குத் தெரியணுங்க" என்றார் அத்தை.

நல்ல கதை என்று அவர் பாராட்டினார். மறுநாள் நாங்கள் போய்ச் சேருமுன் மதில் முழுக்கக் காவி பூசி, எந்த ஊர் மலைக்காரர்களுடையதோ, குச்சிக் கைகால் உருவங்களை வட்டமாக ஆடவிட்டிருந்தார்கள். அடியில் அத்தையின் பெயர். எங்கள் மரபைக் காப்பாற்ற ஒரு வாளி பெயிண்ட் போதுமானதாக இருந்தது.

திறப்பு விழாவில் அத்தைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோவுக்குக் கூப்பிட்டும் அப்பா வரவில்லை. எதிர் டீக்கடையில் மதிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். தனக்குப் பொன்னாடை கிடைக்காத கோபம் என்றுதான் எனக்குப் பட்டது. அவருக்காக ரொம்ப வருத்தப்பட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அத்தையின் மடியில் கிடந்த பொன்னாடையை எடுத்து அப்பாவின் தோளில் போர்த்திவிட்டேன்.

"இப்பச் சரியாப் போச்சாப்பா?" என்றேன்.